அடியெடுத்துக் கொடுக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

பிள்ளைகள் பாட்டு ஒப்பிக்கும்போது ஏதோ ஓரிடத்தில் நின்றுவிடுவார்கள். இரண்டு அடி கடகடவென்று வரும், மூன்றாவது வராது. கண் மேலே போகும், உதடு அசையும், சத்தம் இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு அந்த ஓரிரு விநாடி தாங்காது. உடனே அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவோம். பிள்ளையும் அதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைச் சொல்லி முடித்துவிடும். மறுநாள் பார்த்தால் அதே இடத்தில் மறுபடி நிற்கும்.

என் மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. இருவரோடும் வீட்டில் பாட்டுகள் சொல்லிப் பழகிவருகிறேன். இதில் எனக்கு உறுதியாகப் பிடிபட்ட விஷயம் ஒன்றுதான். பிள்ளை நின்று தேடும் அந்த நேரத்தில்தான் பாட்டு உள்ளே இறங்குகிறது. நாம் முந்திக்கொண்டு சொல்லைக் கொடுத்தால் தேடல் நின்றுபோகிறது. சரி, பேசாமல் இருந்தால் மட்டும் வந்துவிடுமா என்றால், வராது. எதைப் பிடித்துத் தேடுவது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். அந்தப் பிடிகள் பெரும்பாலும் பாட்டுக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றைக் காட்டிக்கொடுப்பதுதான் நம் வேலை.

தேடுவதற்கு உள்ளே ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? அதனால் எப்போதும் காதிலிருந்துதான் தொடங்குகிறேன். புதுப் பாட்டு எடுக்கும்போது "இதை மனப்பாடம் பண்ணு" என்று சொல்வதே இல்லை. சில நாள் நான் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பேன். துணி மடிக்கும்போது, தலை வாரிவிடும்போது, மாடிப்படி ஏறும்போது. புத்தகத்தை உடனே கையில் கொடுப்பதில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதில் தாளைக் கொடுத்தால் கவனம் முழுக்க எழுத்திலேயே போய்விடும், ஓசை காதில் விழாது. இன்னும் சரியாகப் படிக்கத் தெரியாத சின்னவன், அக்காவுக்குச் சொன்னதை ஓரமாக விளையாடிக்கொண்டே கேட்டு, அவளுக்கு முன்னால் ஒப்பித்த பாட்டுகள் உண்டு.

காதை முன்னால் வைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பழைய பாட்டுகளைச் சீர் பிரித்து அச்சிட்டிருப்பார்கள். சீர் முடியும் இடத்தில் சொல் முடியாது. மூதுரையின் கடவுள் வாழ்த்தைப் பாருங்கள்:

வாக்குண்டாம் நல்ல மனமுண்டாம் மாமலராள்
நோக்குண்டாம் மேனி நுடங்காது – பூக்கொண்டு
துப்பார் திருமேனித் தும்பிக்கை யான்பாதம்
தப்பாமல் சார்வார் தமக்கு.

மூன்றாம் அடியைக் கண்ணால் படிக்கிற பிள்ளை "தும்பிக்கை" என்று நிறுத்தி, "யான் பாதம்" என்று தனியாகச் சொல்லும். "தும்பிக்கையான் பாதம்" என்பது அதற்குத் தோன்றவே தோன்றாது. மகள் புத்தகத்தைப் பார்த்ததும் "யான் என்றால் நான்தானே, யார் பாதம் அது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஒரு தாளில் பதம் பிரித்து எழுதிக் காட்டினேன்: தும்பிக்கையான் பாதம். பொருளுக்குப் பிரிக்க வேண்டும், சொல்லும்போது சேர்க்க வேண்டும். இந்த இரண்டையும் முதல் நாளிலேயே சரிசெய்துவிடுவது நல்லது. முதலில் பதிந்த தவறான பிரிப்பைப் பிறகு மாற்றுவது புதுப் பாட்டு ஒன்றைக் கற்றுக்கொடுப்பதைவிடக் கடினம்.

இனி அந்தப் பிடிகள். மேலே உள்ள பாட்டையே வைத்துச் சொல்கிறேன். அடிகளின் முதல் சொற்களை மட்டும் சொல்லிப் பாருங்கள்: வாக்குண்டாம், நோக்குண்டாம். பிறகு துப்பார், தப்பாமல். முதல் இரண்டுக்கும் இரண்டாம் எழுத்து 'க்'. அடுத்த இரண்டுக்கும் 'ப்'. நடுவில் தனியாக நிற்கும் 'பூக்கொண்டு'கூட முதல் ஜோடியோடு சேர்ந்துகொள்கிறது. இதுதான் எதுகை. பள்ளியில் இதை இலக்கணமாகப் படிக்கிறோம், இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதுகிறோம். வீட்டில் ஒப்பிக்கும்போதுதான் இதன் பயன் தெரிகிறது. மகள் 'யான்பாதம்' என்று சொல்லிவிட்டு நின்றால் நான் 'தப்பாமல்' என்று சொல்லமாட்டேன். "துப்பாருக்கு ஜோடி யாரு?" என்று மட்டும் கேட்பேன். முகம் மலர்ந்துவிடும். சொல்லை அவளே கண்டுபிடித்தாள், நான் கொடுக்கவில்லை. அப்படிக் கண்டுபிடித்த சொல் மறுபடி தொலைவது அபூர்வம்.

எதுகை அடிக்கு அடி இழுத்துப்போகும் என்றால், மோனை அடிக்குள்ளேயே இழுத்துப்போகும். துப்பார், திருமேனி, தும்பிக்கை என்று ஓர் ஓசை இனமாகவே வருகிறது. 'நோக்குண்டாம்' என்ற அடியில் 'நுடங்காது', 'தப்பாமல்' என்ற அடியில் 'தமக்கு'. பிள்ளைக்கு மோனை என்ற பெயர்கூடத் தெரிய வேண்டியதில்லை. "இதே மாதிரி ஆரம்பிக்கிற சொல் ஒண்ணு இருக்கு" என்றால் போதும்.

குறளுக்கு வேறொரு வழி வைத்திருக்கிறோம். குறளில் முதல் அடி நான்கு சீர், இரண்டாவது மூன்று சீர், ஆக ஏழு. சின்னவன் விரலை மடக்கிக்கொண்டே சொல்வான். ஒரு கையில் நான்கு, மறு கையில் மூன்று. 'கற்க கசடற' குறளில் அவனுக்கு ஒரு சிக்கல் வந்தது. கற்க, கற்பவை, கற்றபின் என்று ஒரே சாயலில் சொற்கள் வருவதால் ஒன்றைத் தாண்டிவிடுவான். 'கற்க கசடறக் கற்றபின்' என்று சொல்லிவிட்டு விரலைப் பார்ப்பான். முதல் கையில் ஒரு விரல் மடங்காமல் நீட்டிக்கொண்டிருக்கும். அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு முதலிலிருந்து மெதுவாக வருவான், 'கற்பவை' வந்து சேரும். தப்பு என்று நான் சொல்லத் தேவையில்லை, விரல் சொல்லிவிடுகிறது. பெரியவர் திருத்தும்போது வருகிற சங்கடம் இதில் பிள்ளைக்கு இல்லை. அதனாலேயே இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது.

ஆத்திசூடியில் இந்த ஏற்பாடு இன்னும் வெளிப்படை. அறம், ஆறுவது, இயல்வது, ஈவது என்று அகர வரிசையிலேயே போகிறது. உயிரெழுத்து தெரிந்த பிள்ளைக்கு அடுத்த அடியின் முதல் எழுத்து முன்கூட்டியே கையில் இருக்கிறது. 'எண் எழுத்து இகழேல்' சொல்லிவிட்டு நின்றால், "எ-க்கு அப்புறம்?" என்பதே போதும். எழுத்து தெரிந்த கையோடு ஆத்திசூடி சொல்லிக்கொடுப்பது எவ்வளவு பொருத்தம் என்பது இப்படி உட்கார்ந்து பார்க்கும்போது புரிகிறது. அந்தாதியும் அப்படித்தான். ஒரு பாட்டு முடிகிற சொல்லோ அசையோ அடுத்த பாட்டின் தொடக்கமாக வரும். நூறு பாட்டு தொடர்ந்து சொல்கிறவர் எங்கே தடுமாறுவார்? ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில். அந்த இடத்திலேயே கொக்கி போட்டுவைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளும் பெரும்பாலும் அங்கேதான் நிற்கிறார்கள். அடிக்குள்ளே தடுமாறுவது குறைவு. ஓரடியைத் தொடங்கிவிட்டால் அது ஓடிவிடும், அடுத்த அடியின் தலைதான் கிடைக்காது. அதனால் அடிகளைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதைவிட, இணைப்புகளை மட்டும் தனியாகப் பழக்குவது பலன் தருகிறது. நான் 'மாமலராள்' என்பேன், அவள் 'நோக்குண்டாம்' என்பாள். நான் 'பூக்கொண்டு', அவள் 'துப்பார்'. நான் 'யான்பாதம்', அவள் 'தப்பாமல்'. அவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட ஆகாது. பந்து எறிந்து பிடிப்பதுபோல ஓடும். பிறகு மாற்றிக்கொள்வோம், அவள் கொடுக்க நான் பிடிப்பேன்.

நீளமான பாட்டாக இருந்தால் கடைசியிலிருந்து தொடங்குகிறோம். முதலில் கடைசி அடி மட்டும். அது உறுதியானதும் அதற்கு முந்திய அடியையும் சேர்த்து இரண்டு. பிறகு மூன்று. வழக்கப்படி முதலிலிருந்து போனால் தொடக்கம் பல முறை சொல்லப்பட்டுப் பழுத்துவிடும், பின்பகுதி அரைகுறையாகவே நிற்கும். தெரிந்ததிலிருந்து தெரியாததை நோக்கிப் போவதால் போகப்போகப் பயம் கூடும். கடைசியிலிருந்து வந்தால் எப்போதும் தெரிந்த இடத்தை நோக்கித்தான் பிள்ளை நகர்கிறது, குரலில் தெம்பு ஏறிக்கொண்டே போகும். வரிசையாக மனப்பாடம் செய்யும் எதிலும் தொடக்கமும் முடிவும் நன்றாக நிற்கும், நடுப்பகுதிதான் நழுவும். இது எல்லோருக்கும் உள்ள இயல்பு. ஆகவே நடு அடிகளுக்குக் கூடுதல் நேரம் கொடுத்துவிடுங்கள்.

எவ்வளவு இடைவெளி விடலாம் என்பது அடுத்த கேள்வி. ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இல் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வில் தன்னையே சோதித்துப் பார்த்தார். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். கற்ற உடனேயே மறதி வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது. ஒரே மூச்சில் படிப்பதைவிட நாள்களில் பரப்பிப் படித்தால் குறைந்த உழைப்பில் நிற்கிறது. அதே ஆய்வில் ஆங்கிலக் கவிஞர் பைரனின் செய்யுள்களையும் மனப்பாடம் செய்து பார்த்திருக்கிறார். பொருளற்ற அசைகளுக்குத் தேவைப்பட்ட உழைப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் செய்யுளுக்குத் தேவைப்பட்டது. பொருளும் சந்தமும் எதுகையும் சேர்ந்து அவ்வளவு வேலை செய்கின்றன. பாட்டு மனப்பாடம் என்றாலே கஷ்டமான விஷயம் என்று பேசுகிறவர்களிடம் இதை ஆர்வத்தோடு சொல்வேன்.

இன்னோர் ஆய்வு, 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் செய்தது. மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பாடத்தை மறுபடி படித்தார்கள். மற்றவர்கள் புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்தோ எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். வீட்டில் நடப்பதும் இதுதான். பார்த்துப் பார்த்துச் சொன்ன பாட்டு அன்றைக்குப் பிரமாதமாக இருக்கும், அடுத்த வாரம் பாதி காணாமல் போகும். தட்டுத்தடுமாறிப் பார்க்காமல் சொன்னது அன்றைக்குச் சுமாராக இருக்கும், ஆனால் தங்கும்.

ஆக எங்கள் வழக்கம் எளிமையானது. புதுப் பாட்டென்றால் முதலில் தினமும், பிறகு ஒன்று விட்டு ஒரு நாள், பிறகு வாரம் ஒருமுறை, அப்புறம் மாதத்துக்கு ஒன்று. தெரிந்த பாட்டுகளின் முதல் சொல்லை மட்டும் சின்னச் சின்னச் சீட்டுகளில் எழுதி ஒரு டப்பாவில் போட்டுவைத்திருக்கிறோம். படுக்கப் போகும் முன் ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும். நானும்தான். எடுத்த பாட்டை ஒருமுறை சொல்ல வேண்டும். நன்றாக வந்தால் சீட்டு டப்பாவின் அடியில் போகும், தடுமாறினால் மேலேயே இருக்கும். ஐந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கு மேல் இழுக்கமாட்டேன். தூக்கக் கண்ணோடு ஒரு பாட்டையும் மிரட்டி உள்ளே அனுப்ப முடியாது.

பெரியவர்களும் சீட்டு எடுக்க வேண்டும் என்பதை நான் வலியுறுத்தியே சொல்வேன். நான் தேடும்போது மகள் எனக்குச் சொல்லைக் கொடுப்பதில்லை. "இரண்டாம் எழுத்து 'ற்'" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருப்பாள். தேடுவது எப்படி என்பதை அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்பதற்கு வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

உதவியை எந்த வரிசையில் கொடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். முதலில் மௌனம். மனத்துக்குள் மெதுவாகப் பத்து எண்ணுகிற அளவு. அப்போதும் வரவில்லை என்றால் முந்திய அடியை மறுபடி சொல்லச் சொல்வேன், ஓசையின் வேகத்திலேயே பல முறை அடுத்த அடி வந்து விழுந்துவிடும். அதற்கும் வராவிட்டால் எதுகை. அடுத்து பொருள்: "பூ கொண்டு யாரிடம் போகிறார்கள்?" பிறகு முதல் எழுத்து. கடைசியாகத்தான் முழுச் சொல். பிள்ளையின் கண் கலங்குகிற மாதிரி தெரிந்தால் இந்த வரிசையெல்லாம் பார்க்க வேண்டாம், உடனே சொல்லைக் கொடுத்துவிடுங்கள். தேடுவது சுகமாக இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு.

தவறாகச் சொன்னால் எப்போது திருத்துவது? பாட்டு புதிதாக இருக்கும்போது அங்கேயே. பழகிய பாட்டென்றால் முழுக்கச் சொல்லி முடிக்கட்டும், பிறகு அந்த ஓரிடத்தை மட்டும் எடுத்து, முன்சொல்லோடும் பின்சொல்லோடும் சேர்த்துச் சொல்லவைக்கலாம். மகன் 'இயல்வது கரவேல்' என்பதைக் 'கரைவேல்' என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தான். கரவேல் என்றால் ஒளிக்காதே என்று சொல்லி, ஒரு பொம்மையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக் காட்டினேன். அன்றோடு சரியாகிவிட்டது. பொருள் விளக்கம் இந்த அளவுக்கு இருந்தால் போதும் என்பது என் கருத்து. ஒரு காட்சி, ஒரு செய்கை. சில பாட்டுகள் வளர்ந்த பிறகுதான் முழுதாகப் புரியும், அது பரவாயில்லை. ஆனால் ஒன்றுமே புரியாத பாட்டை ஓசைக்காக மட்டும் திணிப்பதில் எனக்கு உடன்பாடு கிடையாது.

மெட்டு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. சிந்து, விருத்தம் போன்றவற்றைப் பாடிக் கற்றுக்கொள்வது இயல்பு. வெண்பாவை ஏதாவதொரு சினிமா மெட்டில் ஏற்றினால் சீர்கள் இழுபட்டு, எங்கே அடி முடிகிறது என்பதே மறைந்துபோகும். அதைவிட, மெட்டில்லாமல் பிள்ளையால் சொல்லவே முடியாது. அதனால் வெண்பாவையும் குறளையும் பேச்சாகவே சொல்லிப் பழக்குகிறேன், அடி முடிவில் கொஞ்சம் நின்று. அவசரமாக ஓட்டிச் சொல்வதும் இதே குறைதான். முழுக்கத் தெரிந்ததுபோல இருக்கும், நடுவில் யாராவது கூப்பிட்டால் மறுபடி முதலிலிருந்துதான் வர வேண்டும். "மூணாவது அடி சொல்லு" என்று திடீரெனக் கேட்டுப் பாருங்கள். சொல்லிவிட்டால் பாட்டு சொந்தமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் நன்றாகச் சொல்கிற பிள்ளை வெளியே போனால் திணறுவது உண்டு. எப்போதும் ஒரே இடத்தில், ஒரே முகத்தைப் பார்த்துச் சொன்னதன் விளைவு அது. நடந்துகொண்டே, ஊஞ்சலில், இருட்டில், போனில் பாட்டியிடம் என்று மாற்றிமாற்றிச் சொல்லவைத்தால் சரியாகும். வந்தவர்கள் முன்னால் நிறுத்தி "எங்கே, ஒரு பாட்டு சொல்லிக் காட்டு" என்று கேட்பதை மட்டும் நாங்கள் செய்வதில்லை. பிள்ளைக்குத் தானாகத் தோன்றினால் சொல்லட்டும். பிடித்துச் சேர்த்த பாட்டை வித்தை காட்டும் பொருளாக்கினால் அடுத்த பாட்டைத் தொட மனம் வராது.

எழுத வேண்டிய வயது வந்ததும் வேலை கொஞ்சம் மாறுகிறது. 'அடிபிறழாமல் எழுதுக' என்று தேர்வில் கேட்பார்கள், வாயால் தெரிந்தது கைக்குத் தெரியாது. 'மாமலராள்' என்பதில் ர, ள இரண்டும் சரியாக விழ வேண்டும். 'துப்பார்' சின்ன 'ர்' தானா என்ற சந்தேகம் வரும். முழுப் பாட்டையும் எழுதவைக்கும் முன், சந்தேகம் வரக்கூடிய சொற்களை மட்டும் நான் சொல்லச் சொல்ல எழுதச் சொல்வேன். அப்புறம் ஒவ்வொரு அடியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். வல்லினம் மிகும் இடங்கள் ('திருமேனித் தும்பிக்கை') காதில் கேட்டாலே கைக்கு வந்துவிடும்.

இப்போது மகள் தானாகவே நீளமான பாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். புத்தகத்தைத் திறந்ததும் எந்தெந்தச் சொற்கள் ஜோடி என்று பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டு வந்தாள், பிறகு கடைசி நான்கு அடியை எனக்குப் படித்துக்காட்டினாள். அங்கிருந்துதான் தொடங்கியிருக்கிறோம். சின்னவன் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய சீர்களுக்கு விரல் மடக்கிப் பார்க்கிறான், இரண்டு கையும் போதவில்லை என்கிறான்.